வைரத்தை எண்ணுங்கோ

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட மேசையைச் சுற்றி இருக்கும் முதல் நாளே, கதையை நடத்துகிற டிஎம் சில அறிவிப்புகள் விடுவார். சண்டை நடக்கேக்க ஃபோன் பார்க்கக் கூடாது. கட்சிக்குள்ள ஆளுக்காள் களவெடுக்கக் கூடாது. அதோடு சேர்த்துக் கட்டாயம் ஒன்று வரும்: "மந்திரத்துக்குத் தேவையான சாமான் ஒண்டும் நாங்க பாக்க மாட்டம், ஓகேதானே?" எல்லாரும் தலையாட்டுவார்கள். ஏன் என்று கேட்டால் "நீ என்ன எக்கவுண்டனோ" என்று ஒரு பம்பல் விழும், அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

இந்த விளையாட்டுக்குப் புதிதானவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரு மந்திரம் போட மூன்று வகைத் தேவைகள் இருக்கலாம்: வாயால் சொல்லும் சொல், கையால் காட்டும் சைகை, கையில் வைத்திருக்கும் பொருள். எல்லா மந்திரத்துக்கும் மூன்றும் வேண்டும் என்றில்லை. பொருட்களின் பட்டியல் 1978இல் கேரி கைகாக்ஸ் எழுதிய பிளேயர்ஸ் ஹான்ட்புக் காலத்துச் சங்கதி. அதில் பாதி பகிடி. தீக்கோளம் எறிய வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும், அதாவது வெடிமருந்து செய்கிற ஆளின் சமையல் குறிப்பு. மின்னலுக்கு ஒரு துண்டு மயிர்த்தோலும் ஒரு கண்ணாடிக் கோலும். பள்ளிக்கூடத்தில் எபனைட் கோலைக் கம்பளியில் தேய்த்துக் கடதாசித் துண்டு பொறுக்கினது ஞாபகம் இருக்கா, அதேதான். அடுத்தவரின் மனதை வாசிக்க ஒரு செப்புக்காசு, ஏனென்றால் ஆங்கிலத்தில் "உன்ர யோசனைக்கு ஒரு சதம் தாறன்" என்று கேட்கிற வழக்கம் இருக்கு. சுவருக்குள்ளால் வழி திறக்க ஒரு சிட்டிகை எள்ளு. அலிபாபா குகைவாசலில் எள்ளைக் கூப்பிட்டதை நினைத்தால் விளங்கும். அந்த நாட்களில் சுவரில் ஏறும் மந்திரத்துக்கு உயிரோட ஒரு சிலந்தியைத் தாரோடு சேர்த்துச் சாப்பிடவும் வேணும்.

இதையெல்லாம் எண்ணச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. விதிப் புத்தகமே கேட்கவில்லை. 2014இல் வந்த 5ஆம் பதிப்பில் 25 பொற்காசுக்கு ஒரு சாமான் பை வாங்கினால் போதும், விலை குறிப்பிடாத எல்லாப் பொருளும் அதற்குள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். பைக்குப் பதிலாக ஒரு மந்திரக்கோலோ பளிங்கோ வைத்திருந்தாலும் சரி. ஆகவே "வௌவால் பீயை யார் மச்சான் நிறுத்துக்கொண்டிருக்கிறது" என்ற வாதத்தைத் தயவுசெய்து எங்களிடம் கொண்டுவராதீர்கள். அந்தப் பிரச்சினை 25 காசோடு முடிந்துவிட்டது.

முடியாமல் இருப்பது விலை எழுதியிருக்கும் பொருட்கள். ஒரு மந்திரப் பொருள் என்ன செய்யும் என்று கண்டறிய 100 பொற்காசு பெறுமதியான ஒரு முத்து வேண்டும். அது தேயாது, ஒருக்கா வாங்கினால் காணும். செத்து ஒரு நிமிடத்துக்குள் ஒருவரை எழுப்பும் ரிவிவிஃபை மந்திரத்துக்கு 300 பொற்காசு பெறுமதியான வைரங்கள் வேண்டும். அவை மந்திரத்தோடு அழிந்துபோகும். 10 நாளுக்குள் செத்தவரை எழுப்ப 500. ஒரு நூற்றாண்டுக்குள் செத்தவரை எழுப்ப 1,000. 200 வருடம் வரை பின்னுக்குப் போய் உடலே இல்லாமல் எழுப்ப 25,000. இப்படிப்பட்ட மந்திரத்தை ஒரு கட்சி ஒரு பின்னேரத்துக்கு எத்தனை தரம் போடும்? அநேகமாக ஒரு தரமும் இல்லை. ஒரு கொப்பியில் ஒரு வரி எழுதுகிற வேலை இது. அந்த ஒரு வரியைத்தான் வௌவால் எச்சத்தோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு "அலுப்புக் கணக்கை நீக்கிட்டம்" என்கிறார்கள்.

முதலில் நியாயத்தைப் பார்ப்போம். பைட்டர் விளையாடுபவரிடம் கேளுங்கோ. உடல் முழுக்க மூடும் இரும்புக் கவசம் 1,500 பொற்காசு. அதற்காக அவர் மாதக்கணக்கில், அதாவது எங்களுடைய உண்மையான மாதக்கணக்கில், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து சேர்க்கிறார். அந்தக் காசை டிஎம் மன்னித்துவிடுவதில்லை. வில்காரரிடம் "அம்பு எத்தினை மிச்சம்?" என்று கேட்கிற மேசைகளும் இருக்கு, 20 அம்பு ஒரு பொற்காசுதான் என்றாலும். ஆனால் மந்திரம் போடுகிறவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. புதையல் கிடைத்தால் நாலு பேரும் சமமாகப் பிரிப்பார்கள். பைட்டரின் பங்கு கவசத்துக்குப் போகும், கிளெரிக்கின் பங்கு பையிலேயே கிடக்கும், ஏனென்றால் அவர் செலவழிக்க வேண்டிய ஒரே பெரிய செலவை மேசை கூடித் தள்ளுபடி செய்துவிட்டது. இதற்குப் பெயர் விதியை இலகுவாக்கல் இல்லை. ஒரு வகுப்புக்கு மட்டும் மானியம். அதுவும் ஏற்கெனவே பலம் கூடின வகுப்புக்கு. 9ஆம் மட்டத்துக்குப் பிறகு பைட்டருக்கு வேலையில்லை என்று முறைப்படுகிறவர்களும் இந்த மானியத்தைக் கொடுப்பவர்களும் அநேகமாக ஒரே ஆட்கள்தான்.

சரி, நியாயத்தை விடுவோம், விளையாட்டில் நியாயம் பார்க்கிறது ஒரு குறுகின மனசு என்று சொல்பவர்கள் இருப்பீர்கள். அப்படியெண்டால் அந்த உலகத்தைப் பாருங்கோ.

அதே புத்தகத்தில் கூலி விலையும் இருக்கு. தொழில் பழகாத ஒரு கூலியாளுக்கு நாளொன்றுக்கு 2 வெள்ளிக்காசு. 10 வெள்ளிக்காசு ஒரு பொற்காசு. 300 பொற்காசு வைரம் என்றால் 3,000 வெள்ளி, அதாவது 1,500 நாள் உழைப்பு. ஒரு நாளும் லீவு எடுக்காமல், ஒரு நேரமும் சாப்பிடாமல், நாலு வருடத்துக்கு மேல் மூட்டை சுமந்தால் அந்த ஆளின் பிள்ளையை ஒரு தரம் எழுப்பலாம், அதுவும் செத்த அந்த ஒரு நிமிடத்துக்குள் கிளெரிக் பக்கத்தில் நின்றால். 25,000 பொற்காசு மந்திரத்துக்கு அதே கூலியாள் 342 வருடம் வேலை செய்ய வேண்டும். இந்த எண்களை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இலவசமாக விட்ட அடிப்படை விதி ஆவணத்திலேயே கூலியும் இருக்கு, வைரமும் இருக்கு. புத்தகம் வாங்கக் காசில்லாதவர்களும் இறக்கிப் பார்க்கலாம். எழுதினவர்கள் இந்தப் பெருக்கலை யோசித்துத்தான் எழுதினார்களா என்பது எங்களுக்கு முக்கியமில்லை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் ஒரு சமூகம் தெரிகிறது. அதில் ராசாவின் மகன் திரும்பி வருவான், மூட்டை தூக்குகிறவனின் மகள் வரமாட்டாள்.

இதிலிருந்து எத்தனை கதை எடுக்கலாம்! வைரச் சுரங்கம் யாருடைய கையில்? கோயில்கள் ஏன் இவ்வளவு பணக்காரக் கோயில்களாக இருக்கின்றன? எங்களுடைய கட்சி ஒரு கிராமத்துக்குள் வருகிறது, கிளெரிக்கின் பையில் ஒரே ஒரு கல், வாசலில் ஒரு தாய் நிற்கிறா. கொடுப்பீர்களா? கொடுத்தால் நாளைக்கு மலைக்குள் உங்களில் ஒருவர் விழும்போது என்ன செய்வீர்கள்? வைரத்தை எண்ணாத மேசையில் இந்தக் கேள்வி எழும்பவே ஏலாது. கிளெரிக் அந்தப் பிள்ளையையும் எழுப்புவார், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் எழுப்புவார், பிறகு ஒரு நாள் நித்திரை கொண்டு வந்து அடுத்த நாளும் எழுப்புவார். அப்படிப்பட்ட ஊரில் சுடுகாடு எதற்கு? அரசனைக் கொலைசெய்தவனைத் தேடுகிற கதையை அங்கே எப்படி நடத்துவது? டிஎம்மார் இதற்குப் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறோம். "அரசன்ட ஆன்மாவை ஒரு சாபம் கட்டி வச்சிருக்கு, எழுப்ப ஏலாது" என்பார்கள். அடுத்த கதையில் வேறொரு சாபம். மூன்றாவது கதையில் நஞ்சு பூசின ஒரு விசேஷக் கத்தி. 300 பொற்காசைக் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒரு சாபம் கண்டுபிடிக்கிறார்கள்.

எங்களுக்கு இது கொதிப்பான விஷயமாக மாறினது போன வருடம், எங்கட மேசையில். கட்சி ஒரு பள்ளத்தாக்கைத் தாண்ட வேண்டும், பின்னால் பூதங்கள் துரத்துகின்றன. பலடின் விளையாடிய தோழி ஒருவர், மற்றவர்கள் கடக்கும் வரை பாலத்தில் தனியாக நிற்பதாகச் சொன்னா. மூன்று சுற்று நின்றா. நாலாவது சுற்றில் செத்துப்போனா. ஒருவரும் பேசவில்லை, அவவுக்குக் கண் கலங்கிச் சிரிப்பும் வந்தது. நாங்கள் விளையாடின ஒரு வருடத்தில் அப்படியொரு நிமிடம் வந்ததில்லை. பூதங்கள் விலகினதும் கிளெரிக் விளையாடியவர் ஓடிப்போய், "ரிவிவிஃபை போடுறன்" என்றார். நாங்கள் இரண்டு பேர் கேட்டோம், வைரம் இருக்கா என்று. டிஎம் சிரித்துவிட்டு, "சாமான் பாக்கிறேல்ல எண்டு முதலே சொன்னதுதானே, எழும்பு" என்றார். பலடின் ஒரு உயிர்ப்புள்ளியோடு எழும்பி நின்றா. எல்லாரும் கை தட்டினார்கள், அவ தட்டவில்லை. இரண்டு நாள் கழித்து கன்ரீனில் சொன்னா: "நான் நிண்டது சும்மாவே போச்சு."

எழுப்பினது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. சிநேகிதி செத்தால் எழுப்பத்தான் வேணும். ஆனால் இரண்டு கிழமைக்கு முதல் அதே கட்சி ஒரு நகரத்தில் நகைக்காரன் கடையைத் தாண்டிப் போய்க் குதிரை வாங்கினது. அங்கே ஒரு வைரம் வாங்கியிருந்தால், பாலத்தில் அந்தக் கல்லை எடுத்து அவவின் நெஞ்சில் வைக்கிற நேரம் எல்லாருக்கும் குதிரையும் ஞாபகம் வந்திருக்கும், நகைக்கடையும் ஞாபகம் வந்திருக்கும். வாங்கவில்லை என்றால் அவ செத்திருப்பா, அந்தப் பாலத்துக்கு அவவின் பெயர் வந்திருக்கும். இரண்டும் நல்ல கதை. எங்களுக்குக் கிடைத்தது மூன்றாவது. அதில் அவ எடுத்த முடிவுக்கும் பெறுமதி இல்லை, நகரத்தில் கட்சி எடுத்த முடிவுக்கும் பெறுமதி இல்லை.

இப்போது எதிர்வாதங்கள். பெரிய எதிர்வாதத்தை மதித்தே பேசுகிறோம்: "நாள் முழுக்கக் கணக்குப் பார்க்கிற சீவியம் எங்கட. பஸ் காசு, போடிங் காசு, போட்டோகொப்பிக் காசு. வெள்ளிக்கிழமை பின்னேரமும் கணக்கோ?" விளங்குது. 2022இல் எரிவாயு வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்ற வயது எங்களுடையதும். கியூஆர் கோட்டைக் காட்டி லீற்றர் எண்ணின வீடுகளிலிருந்துதான் நாங்களும் வருகிறோம். அந்த எண்ணிக்கையில் எங்களுக்கு ஒரு தெரிவும் இருக்கவில்லை, எவ்வளவு என்று வேறு யாரோ முடிவுசெய்து எங்களுக்கு அறிவித்தார்கள். மேசையில் கிடக்கும் அந்தக் கல்லை யாருக்குச் செலவழிப்பது என்று முடிவுசெய்வது நீங்கள். இரண்டையும் ஒரே அலுப்பாகப் பார்க்க எங்களால் ஏலாது. தவிர, நீங்கள் எண்ணாமல் விளையாடுபவர்களும் இல்லை. உயிர்ப்புள்ளி எண்ணுகிறீர்கள், மந்திர ஸ்லொட் எண்ணுகிறீர்கள், எத்தனை அடி நடக்கலாம் என்று கட்டம் கட்டமாக எண்ணுகிறீர்கள். கோட்டைக்குள் நுழைய முதல் நாற்பது நிமிடம் கயிற்றின் நீளம் பற்றி வாதாடின மேசையை எங்களுக்குத் தெரியும்.

"போல்டர்ஸ் கேட் 3இல் ஒண்டும் எண்ணத் தேவையில்லையே" என்பது அடுத்தது. 2023இல் வந்த அந்த கொம்பியூட்டர் கேமால் எங்கள் மேசைகளுக்குக் கன பேர் வந்திருக்கிறார்கள், சந்தோஷம். அதில் விதர்ஸ் என்ற எலும்புக்காரர் முகாமில் நின்றுகொண்டு 200 காசுக்கு யாரையும் எழுப்பிவிடுவார், வைரம் கேட்கமாட்டார். ஆனால் அது தனியாக இருந்து விளையாடக்கூடிய, பிழைத்தால் பழைய இடத்துக்கே திரும்பிப் போகக்கூடிய விளையாட்டு. அங்கே சாவு எப்படியும் தற்காலிகம்தான். ஐந்து பேர் நேரில் இருக்கும் மேசையில் சேவ் பட்டன் கிடையாது.

கொம்பியூட்டர் கேமைத்தான் உதாரணம் காட்டுவீர்கள் என்றால் 1985ஐப் பாருங்கோ. ரிச்சர்ட் கரியட்டின் அல்டிமா 4. அதில் மந்திரச் சாமான் எட்டு: உள்ளி, ஜின்செங், கந்தகச் சாம்பல், சிலந்திப் பட்டு, இரத்தப் பாசி, கறுப்பு முத்து, நைட்ஷேட், மன்ட்ரேக் வேர். எந்த மந்திரத்துக்கு எவை என்று தெரிந்து, முன்கூட்டியே கலந்து வைக்க வேண்டும். கடைசி இரண்டும் கடையில் விற்காது, இரண்டு நிலவும் இல்லாத இரவில் குறிப்பிட்ட இடத்தில் போய்த் தேடவேண்டும். இதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது சாமான் விற்கிறவர்கள். அவர்களுக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்வார்கள், எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று நீங்களே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தாலும் சாமான் கிடைக்கும். ஆனால் அந்த விளையாட்டின் நோக்கமே எட்டு நற்குணங்களில் தேறுவது. கண் தெரியாத ஆளை ஏமாற்றினது நேர்மைக் கணக்கில் பேசாமல் குறைந்துகொண்டிருக்கும், கன நேரம் கழித்துத்தான் உங்களுக்கு உறைக்கும். சாமான் எண்ணுவதை அலுப்பு என்று வெட்டியிருந்தால் அந்தக் கடைக்காரர்களுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. நாற்பது வருடத்துக்கு முதல் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள், நாங்கள் ஒரு கல்லை எழுதக் கொப்பி இல்லை என்கிறோம்.

அதற்காக டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விதி திறமானது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பொருளை விலையால் அளப்பது பெரிய மடைத்தனம். நகைக்காரன் பயந்துபோய் 300 பெறுமதியான கல்லை 150க்குத் தந்தால் அது வேலை செய்யுமா, செய்யாதா? யுத்தம் வந்து வைர விலை இரட்டித்தால், பாதி அளவு கல்லுக்கே ஆள் எழும்புவாரா? கடவுளுக்குச் சந்தை விலையை யார் சொல்லி அனுப்புகிறார்கள்? ஒரே பால்மா பைக்கற்றுக்கு ஒரு வருடத்துக்குள் எத்தனை விலை ஒட்டினதைப் பார்த்த நாங்கள் இந்த விதியைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க ஏலாது. போதாததற்கு, 2003இல் வந்த 3.5 பதிப்பில் செத்தவரை எழுப்பும் வைரம் 5,000 பொற்காசு, எழும்பினவர் ஒரு மட்டமும் இழப்பார். 5ஆம் பதிப்பில் அது 500. கழிவு ஏற்கெனவே தந்தாச்சு, மிச்சத்தையும் ஏன் மன்னிக்க வேணும்?

பாலத்துச் சம்பவத்துக்குப் பிறகு சண்டை பிடித்து எங்கள் மேசையில் கொண்டுவந்த முறை இதுதான். விலையை விட்டாச்சு, கல்லை மட்டும் எண்ணுகிறோம். ஒரு கல், ஒரு உயிர். கல்லை வாங்க எல்லாரும் புதையலில் ஒரு பங்கு போடுகிறோம், சீட்டுப் பிடிக்கிற மாதிரி. கிளெரிக் தன் பங்கிலிருந்து மட்டும் வாங்க வேண்டும் என்றால் அதுவும் அநியாயம், எழும்புகிறவர் பைட்டராகத்தான் இருக்கப்போகிறார். எத்தனை கல் இருக்கிறது என்று டிஎம் எழுதி வைப்பதில்லை, பலடின் விளையாடுகிறவ தன் தாளில் எழுதி வைத்திருக்கிறா. சில்லறைச் சாமானுக்கு, அதையும் எண்ணத்தான் வேணும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்காக, 2016இல் வந்த த பிளக் ஹக்கிலிருந்து ஒரு முறையை எடுத்திருக்கிறோம்: பாவித்த பிறகு ஒரு தாயக்கட்டையை உருட்டு, 1 அல்லது 2 விழுந்தால் அடுத்த தரம் சின்னக் கட்டை, நாலு முகக் கட்டையிலும் அப்படி விழுந்தால் சாமான் முடிஞ்சுது. எண்ணிக்கையே இல்லை, ஆனாலும் முடிந்துபோகும் என்ற பயம் இருக்கு.

டிஎம்மாருக்கும் ஒரு பொறுப்பு இருக்கு. வைரம் கேட்பதென்றால் வைரம் கிடைக்கிற உலகத்தையும் தர வேண்டும். நகைக்கடையே இல்லாத காட்டுக்குள் ஆறு மாதம் நடக்கவிட்டுவிட்டு "கல் இல்லையே, ஆள் செத்தாச்சு" என்றால் அது வெறும் வஞ்சகம். சுரங்கத்தைக் காட்டுங்கோ, கள்ளக்கடத்தல்காரனைக் காட்டுங்கோ, வாங்குவதா விடுவதா என்பதைக் கட்சி முடிவுசெய்யட்டும். கைதியாகப் பிடிபட்டால் சாமான் பையைப் பறிக்கவும் மறக்க வேண்டாம். அந்தப் பை இருக்கிறது என்பதையே பாதிப் பேர் மறந்துபோய்விட்டார்கள்.

இதற்கு மறுப்பு எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதுங்கோ, போடுவோம். "கதைதான் முக்கியம், கணக்கு இல்லை" என்று மட்டும் ஒரு வரியில் எழுதி அனுப்ப வேண்டாம், அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. உங்கள் மேசையில் கடைசியாகச் செத்து எழும்பினது யார், அவரை எழுப்ப யார் என்ன கொடுத்தது என்று எழுதுங்கோ. அந்த ஆளிடமும் ஒருக்கா கேட்டுவிட்டு எழுதுங்கோ.